அணு அங்கிளைக் கூப்பிட்ட ஞாயிறு

கனடாவில், அஜின்கோர்ட்டில் நாங்கள் வாங்கியது ஒரு செமி. ஒரு கூரை, இரண்டு வீடு, நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் அணு விஞ்ஞானி என்று வீடு காட்டியவர் எங்களுக்குச் சொல்லவில்லை. "பக்கத்தில ஒரு இத்தாலிக்காரரும் மனுசியும். சத்தம் சந்தடி இல்லாத சனம்" என்று மட்டும் சொன்னார். சத்தம் இல்லாத சனமாம்! குடிபுகுந்து வந்த முதல் ஞாயிறே, பூசைக்குப் போக முதல் நான் புட்டு அவித்துக்கொண்டு நிற்க, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கீச்சுச் சத்தம் கிளம்பியது பாருங்கள், என் கையிலிருந்த நீத்துப்பெட்டி விழுந்து புட்டு குசினி முழுக்கச் சிதறியது.

நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குள் வளர்ந்த சனம். திடீர்ச் சத்தம் கேட்டால் கால் முதலில் ஓடும், புத்தி பிறகுதான் வரும். அன்றைக்கு என் கால் ஓடிய இடம் அவருடைய வாசல். கதவை உடைக்காத குறையாகத் தட்டினேன். ஒல்லியாக, நெடுவலாக, கழுத்துவரை பொத்தான் பூட்டிய முழுக்கைச் சேர்ட்டோடு ஒரு மனிதர் திறந்தார். அவருக்குப் பின்னால் ஹோலுக்குள் ஓர் ஏணி நின்றது.

"இண்டைக்கு மாதத்தின்ர முதல் ஞாயிறு. புகை அலாம் சோதிக்கிற நாள்," என்றார்.

அவர் பேசியது இத்தாலிய வாடை அடிக்கிற ஆங்கிலம். எனக்கு ஞாபகத்தில் இருப்பதோ என் தமிழில். ஆகவே இதில் அவர் யாழ்ப்பாணத்தாரைப் போலத்தான் கதைப்பார். அவர் இருந்திருந்தாலும் அதற்குக் கோபித்திருக்க மாட்டார்.

"உங்கட அலாமால என்ர புட்டு முழுக்க நிலத்தில!" என்று சத்தம் போட்டேன். புட்டு என்றால் என்னவென்று தெரியாமலே அவர் மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, "உங்கட வீட்டு அலாம் வேலை செய்யுதோ?" என்றார்.

"அது வடிவா வேலை செய்யும்."

"எப்ப சோதிச்சனீங்கள்?"

நான் வாயைத் திறக்க முதல் ஏணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். ஏறி மூடியைத் திறந்தார். உள்ளே பற்றரி இல்லை. ஏணியடியில் நின்ற என் கணவர் தலையைச் சொறிந்தார். எங்கள் ஆக்களின் வீடுகளில் இது ஒன்றும் புதினமில்லை. செத்தல் மிளகாய் பொரிக்க அலாம் கத்தும். கத்தினால் பற்றரியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போடுவோம். பிறகு அதை யார் நினைக்கிறது? இவர் குடிவந்த அன்றைக்கே கழற்றியிருக்கிறார், எனக்கும் சொல்லவில்லை.

அந்த வெறும் குழியை இத்தாலிக்காரர் கனநேரம் பார்த்தார். ஏச்சு விழப் போகிறது என்று நினைத்தேன். அவர் ஏசவில்லை. "சோதிச்சுப் பார்க்காத ஒண்டை வேலை செய்யும் எண்டும் சொல்லக் கூடாது, செய்யாது எண்டும் சொல்லக் கூடாது. தெரியாது எண்டுதான் சொல்ல வேணும்," என்றார். இறங்கிப் போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு பற்றரி கொண்டுவந்து போட்டார். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு தன் வீட்டு அலாமைச் சோதித்த கையோடு ஏணியும் தானுமாக எங்கள் வீட்டுக்கும் வருவார். நானும் அவர் வந்துபோகும் வரைக்கும் புட்டில் கை வைப்பதில்லை.

அவர் யார் என்பதை வேலிக்கு மேலால் தக்காளிப்பழம் நீட்டியபோது அவருடைய மனுசிதான் சொன்னார். அந்த இரவு என் கணவர் குரலைத் தாழ்த்தி, "உவர் அணுகுண்டு செய்யிற ஆளோ?" என்று கேட்டார். "குண்டில்லையப்பா, கறண்ட்," என்றேன். அதோடு எங்கள் வீட்டில் அவருக்கு 'அணு அங்கிள்' என்று பெயர் விழுந்தது. பிள்ளைகள் வைத்த பெயர்தான், பிறகு நாங்களும் அப்படியே முகத்துக்கு நேரே கூப்பிடத் தொடங்கினோம். அர்த்தம் கேட்டார், சொன்னோம். அவருக்கு அது நல்லாய்ப் பிடித்துவிட்டது. இத்தாலியிலிருந்து தொலைபேசியில் கதைத்த யாருக்கோ "அணு அங்கிள்" என்று அவர் சொல்லிச் சிரித்தது சுவரால் கேட்டது.

தன் வாழ்க்கையை அவர் ஒருநாளும் தொடக்கத்திலிருந்து சொன்னதில்லை. வெயில்காலத்தில் பின்வளவு வேலியில் கையூன்றிக்கொண்டு துண்டு துண்டாகச் சொல்வார். வட இத்தாலியில் பெரிய ஆறு ஒன்று பாய்கிற சமதரையில், பனிப்புகார் மூடிய ஒரு சின்னப் பட்டினம். தகப்பன் ரயிலுக்குச் சிக்னல் காட்டுகிறவர். யுத்தக் காலத்துக் குழந்தை. வீட்டில் இருந்தது ஒற்றை பல்ப், அதுவும் பாதி நாள் எரியாது. அது எனக்கு நன்றாக விளங்கியது. நாங்களும் யுத்தத்தில் கறண்ட் இல்லாமல் இருந்து படித்த ஆட்கள்தானே. கறண்ட் போய்வந்த வீட்டுப் பிள்ளைதான் அதைப் பற்றி யோசிப்பான் என்று சொல்வார். உதவிச்சம்பளத்தில் பல்கலைக்கழகம் போனார். அங்கே ஒரு கருவி, கண்ணுக்குத் தெரியாததை எண்ணி 'டிக், டிக்' என்று சத்தம் போட்டதாம். அந்தச் சத்தத்தில்தான் தான் விழுந்ததாகச் சொன்னார். அதே ஆய்வுகூடத்தில் தட்டச்சு வேலை செய்த பெண்ணைத்தான் கட்டினார்.

"முதல்ல கருவியில ஆசைப்பட்டன், பிறகு இவவில," என்று ஒருநாள் சொன்னார்.

தக்காளிக்கு நடுவே குனிந்து நின்ற மனுசி நிமிராமலே, "இப்பவும் அந்த ஒழுங்குதான்," என்றார். எல்லாரும் சிரித்தோம்.

ஆற்றங்கரையில் ஓர் அணுமின் நிலையத்தில் அவருக்கு வேலை. உலைக்குள் நியூட்ரோன் எங்கே ஓடுகிறது, எத்தனை ஓடுகிறது என்று கணக்குப் பார்க்கிற வேலை. நியூட்ரோன் எனக்கு விளங்கவில்லை என்று சொன்னேன். நான் அப்போது டேகெயார் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். "உங்கட வேலை மாதிரித்தான். பிள்ளையள் ஓடவும் வேணும், அளவுக்கு மிஞ்சி ஓடவும் கூடாது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதுதான் என்ர வேலை," என்றார். அதற்குப் பிறகு அவருடைய தொழிலில் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

பிறகு செர்னோபில் வெடித்தது. இத்தாலிச் சனம் வாக்குப் போட்டது, அணுமின் நிலையங்கள் மூடப்பட்டன. நல்லாய் ஓடிக்கொண்டிருந்த உலையை நிற்பாட்டிவிட்டு அதற்குப் பக்கத்தில் காவல் இருக்கச் சொன்னார்களாம். மற்றவர்கள் ஓய்வூதியத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயதில் அவர் மனுசியையும் ஒரே மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். இங்கத்தைய உலைகள் வேறு மாதிரி, பாரநீரில் ஓடுகிறவை. "தண்ணியிலயும் பாரத் தண்ணியோ?" என்று நான் பகிடி பண்ணினேன். அந்தப் பாரத் தண்ணீரைத் திரும்ப முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருந்து படித்து, நகரத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையில் இருக்கிற அணுமின் நிலையத்தில் ஓய்வுபெறும் வரைக்கும் வேலை செய்தார். ஓய்வுபெற்ற பிறகும் ஏதாவது சிக்கல் என்றால் கூப்பிட்டுக் கேட்பார்கள். கூப்பிட்ட நாளில் மனிதர் நடக்கிற நடையே வேறாக இருக்கும்.

அவரிடம் எனக்குப் பொறுக்க முடியாத பழக்கம் ஒன்று இருந்தது. வீட்டுக் கதவைப் பூட்டுவார், பிடியை ஆட்டிப் பார்ப்பார், படியிறங்குவார், திரும்ப ஏறி ஆட்டிப் பார்ப்பார். காருக்குள் இருந்தபிறகும் இறங்கிப் போவார். மனுசி காருக்குள் இருந்து இத்தாலிய மொழியில் மாதாவையும் எல்லாப் புனிதரையும் கூப்பிடுவார். தெருவில் எங்கள் பக்கத்து ஆக்கள் எல்லாருக்கும் அது ஒரு படம் மாதிரி.

மனுசி ஒரு வின்ரரில் போய்விட்டார். அதற்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் காலையில் கோப்பி கொதிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும்.

மகள் நகரத்தின் மற்றப் பக்கத்தில் இருந்தாள். வருடத்தில் இரண்டு தரம் வருவாள், நத்தாருக்கும் ஈஸ்ரருக்கும். காரை நிற்பாட்டாமல் ஓடவிட்டபடி வந்து, சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று கதைத்துவிட்டுப் போய்விடுவாள். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பொறுக்க ஏலவில்லை. ஊர்வம்பு என்று என் கணவர் தடுக்கத் தடுக்க, ஓர் ஈஸ்ரர் நாள் அவளுடைய கார்க் கண்ணாடியில் தட்டினேன்.

"பிள்ளை, அப்பாவோட இருந்து ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போனால் என்ன குறைஞ்சு போயிடும்?"

உனக்கென்ன என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காரை நிற்பாட்டினாள். "நீங்கள் அவரை இப்பத்தானே பார்க்கிறியள்," என்றாள். "நான் சின்னப் பிள்ளை. செர்னோபில் வெடிச்ச வசந்தம். கீரை விக்கக் கூடாது, பிள்ளையளுக்குப் பால் குடுக்கக் கூடாது எண்டு நாடெல்லாம் பயம். அம்மா என்னைக் காரில ஏத்திக்கொண்டு தெற்கில தன்ர தாய்வீட்டுக்கு வெளிக்கிட்டவ. அப்பா எங்கை எண்டு கேட்டன். 'அவர் வரமாட்டார், அவருக்கு உலைதான் பெரிசு' எண்டா. வழியெல்லாம் பின்கண்ணாடியால பார்த்துக்கொண்டு போனன். அவர் வரேல்லை."

பிறகு தகப்பனின் கதவைப் பார்த்தாள். "உலகம் அழிஞ்சாலும் அந்த மனுசன் கதவு பூட்டியிருக்கோ எண்டுதான் ஆட்டிப் பார்த்துக்கொண்டு நிப்பார். எங்களோட வரமாட்டார்."

எனக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. தாயை இழந்த பிள்ளை. தகப்பன் உயிரோடு இருக்க அவரையும் இழந்த மாதிரி நின்றாள். வீட்டுக்குள் வந்து இவரிடம் சொன்னேன். "அதுக்குத்தான் சொன்னனான், உன்ர வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு எண்டு," என்றார்.

நான் சொல்ல வந்த ஞாயிறு பெருந்தொற்று தொடங்க முதல் வந்த வின்ரரில். ஜனவரி மாதம், விடிந்தும் விடியாத நேரம். என் போனும் இவருடைய போனும் ஒரே நேரத்தில் அலறின. சுவருக்கு அந்தப் பக்கத்திலும் ஒன்று அலறியது. எழுத்தைப் பார்த்தேன். ஏரிக்கரை அணுமின் நிலையத்தில் ஏதோ நடந்திருக்கிறது, கதிர்வீச்சு வெளியே வரவில்லை, பக்கத்தில் இருக்கிற மக்கள் எதுவும் செய்யத் தேவையில்லை என்று இருந்தது.

"ஒண்டும் செய்யத் தேவையில்லையாம்," என்றார் இவர், போர்வையை இழுத்துக்கொண்டு.

"அதுதான் எழும்புங்கோ எண்டுறன்!"

எங்கள் நாட்டில் வானொலி 'மக்கள் பதற்றமடையத் தேவையில்லை' என்று சொன்னால் அதற்கு ஒரேயோர் அர்த்தம்தான். மூட்டையைக் கட்டு. அந்த வசனத்தை நம்பி வீட்டில் இருந்தவர்கள் யாரும் எனக்குத் தெரிய நல்லாய் இருந்ததில்லை. கனடா வேறு நாடு, இங்கே சொன்னால் சொன்னதுதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதைவிட, என் மகள் விட்பியில் இருந்தாள். பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த நிலையத்துக்கு அங்கால்தான் விட்பி. போன் எடுத்தேன். அடித்து அடித்து வொய்ஸ்மெயிலுக்குப் போனது. திரும்ப எடுத்தேன். திரும்பவும் அதே.

இடம்பெயர்ந்து பழகினவர்களுக்கு யோசிக்க வேண்டியதில்லை. பாஸ்போட் பை அலுமாரியில் எப்போதும் தயார். தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் பெட்டி, மாதா படம். இவர் காரில் பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்க, நான் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அது எங்கள் ஆக்களின் முறை. வெளிக்கிடும்போது பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுக்காமல் போவதில்லை. எல்லைச் சண்டையில் வருடக்கணக்காகக் கதை பேச்சு இல்லாத வீடென்றாலும், 'வெளிக்கிடுறம், வாறியளோ?' என்று வேலிக்கு மேலால் ஒரு குரல். அந்தக் குரல் கொடுத்தவர்களால் தப்பின ஆட்கள் நாங்கள்.

அணு விபத்துக்குப் பயந்து அணு விஞ்ஞானியின் கதவைத் தட்டுகிறேனே என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. பக்கத்து வீட்டில் வயதான மனிதர் தனியே இருக்கிறார், அவ்வளவுதான்.

பைஜாமாவும் வீட்டுச் செருப்புமாகக் கதவைத் திறந்தார். கையில் கோப்பிக் கேத்தில்.

"என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"தெரியாது. உதில இருக்கிற தகவல் காணாது."

அவருக்கே தெரியாதாம்! "நாங்கள் விட்பிக்குப் போறம், மகளிட்டை. வாங்கோ, ஏறுங்கோ!"

"இப்பிடியான நேரத்தில வீட்டுக்குள்ள இருந்து யன்னலைப் பூட்டுறதுதான் முறை," என்று தொடங்கினார்.

"படிப்பிக்கிறதைப் பிறகு படிப்பியுங்கோ. உங்களை இஞ்சை தனிய விட்டிட்டு நான் போகமாட்டன். ஏறுங்கோ எண்டுறன்!"

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேனோ என்று எனக்கே தோன்றும்படி பார்த்தார். பிறகு மறுபேச்சுப் பேசாமல் கொழுவியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, கேத்திலும் கையுமாகப் பனியில் செருப்போடு நடந்து வந்து எங்கள் காரின் முன்சீற்றில் ஏறினார்.

கார் பெரிய தெருவுக்கு வந்தபிறகுதான் மெதுவாகக் கேட்டார். "அந்த நிலையம் எங்களுக்கும் உங்கட மகளுக்கும் நடுவிலதான் இருக்கு. தெரியுமோ?"

ஆபத்தை விட்டு ஓடுகிறோம் என்று நேரே அதன் வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தோம்.

"அதுக்கு? பிள்ளை அங்கைதானே இருக்கிறாள்," என்றேன்.

"அப்ப 407 எடுங்கோ. வடக்கால சுத்திப் போகலாம்," என்றார் இவரிடம்.

என் கணவர் காசு கட்டுகிற அந்தப் பாதையில் தன் வாழ்நாளில் ஏறியதில்லை. சொந்த அக்காவின் மகளின் கலியாணத்துக்கு நேரம் பிந்தியபோதும் ஏறவில்லை. அன்றைக்கு வாய் திறக்காமல் ஏறினார். அதைக் கண்டபிறகுதான் இவரும் பயந்துபோய் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அணு அங்கிள் போகிற வழியெல்லாம் வீட்டுக் கூரைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். "என்ன பார்க்கிறியள்?" என்றேன். "கூரையில இருந்து வாற ஆவி எந்தப் பக்கம் சரியுது எண்டு." எந்தப் பக்கம் என்று கேட்டேன். சொல்ல மனமில்லாமல், "கிழக்கை," என்றார். கிழக்கே விட்பி. நான் செபமாலையை எடுத்துச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன். பெரிய திருநாளுக்குக்கூடக் கோயில் பக்கம் வராத மனிதர் முன்சீற்றிலிருந்து இத்தாலிய மொழியில் மறுமொழி சொல்லிக்கொண்டு வந்தார். முதற்பாதி தமிழில், மறுபாதி இத்தாலியில். மாதாவுக்கு இரண்டும் விளங்கியிருக்கும்.

விட்பியில் மகள் கதவைத் திறந்தாள், தோளில் குழந்தையோடு. குழந்தை நித்திரை கொள்ளட்டும் என்று போன்களை நிற்பாட்டி லாச்சிக்குள் வைத்திருக்கிறார்கள். பாஸ்போட் பை, மாதா படம், பைஜாமாவோடு நிற்கும் அணு அங்கிள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். சொன்னேன். போனைத் திறந்து வாசித்தாள். "நத்திங் டு டூ எண்டு கிளியரா போட்டிருக்கே! நீங்கள் எஸ்கேப் பண்ணி ஸ்ட்ரெய்ட்டா அதுக்குக் கிட்டவோ வந்தனீங்கள்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். நான் குழந்தையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். வெட்கமாக இல்லை. பிள்ளையின் சூடு கையில் பட்டதே போதும்.

அணு அங்கிள் குசினிக்குப் போய்த் தன் கேத்திலை அடுப்பில் வைத்தார். நாங்கள் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் இரண்டாவது செய்தி வந்தது. முதற்செய்தி தவறுதலாக அனுப்பப்பட்டதாம். ஒன்றும் நடக்கவில்லையாம். "அப்ப என்ர 407 காசு?" என்றார் இவர். மகள் திரும்பச் சிரிக்கத் தொடங்கினாள். அணு அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைத் தன் மடியில் தரச் சொல்லிக் கேட்டார்.

அதன் முகத்தைப் பார்த்தபடியேதான் சொன்னார். "இண்டைக்குத்தான் ஒராள் எனக்குக் கதவு தட்டினது."

செர்னோபில் வசந்தத்தில் காற்றில் என்ன வந்திருக்கிறது என்று அளக்கிற வேலை அவருக்கு. விடியப் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வீட்டில் ஆளில்லை. பிள்ளையின் போர்வை இல்லை. கோப்பிக் கேத்தில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"நான் வரமாட்டன் எண்டு அவ நினைச்சிட்டா. சரியாயும் இருக்கலாம். ஆனால் அவ கேட்டுப் பார்க்கேல்லை."

"கேட்டிருந்தால் போயிருப்பியளோ?"

"தெரியாது," என்றார். "செய்யாத சோதனைக்கு முடிவு சொல்லக் கூடாது."

"பிறகாவது மனுசியோட கதைச்சியளோ?"

"இல்லை. நானும் கேட்கேல்லை, அவவும் சொல்லேல்லை. பிறகு நாடே எங்கட வேலை வேண்டாம் எண்டு வாக்குப் போட்டுது. அது எனக்கு இவ்வளவு நோகேல்லை."

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன குடும்பமப்பா இது! ஆளையாள் கேட்காமலே ஒரு ஆயுசைப் போக்கிப்போட்டியளே. மகளிட்டையாவது சொல்லக் கூடாதோ? அவள் என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறாள் எண்டு தெரியுமோ?"

"தெரியும். அவளும் கேட்கேல்லை." குழந்தையின் விரலைத் தன் விரலில் பிடித்துக்கொண்டார். "அவள் உங்களிட்டைக் கேட்டால் சொல்லுங்கோ. கேட்காமல் சொல்லாதேங்கோ." சரியென்று சொன்னேன். என் வாய்க்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

மத்தியானம் அஜின்கோர்ட்டுக்குத் திரும்பினோம். அவருடைய வீட்டு முன்கதவு அகலத் திறந்து கிடந்தது. ஹோலுக்குள் பனி வந்து ஏணியடி வரைக்கும் படிந்திருந்தது. உள்ளே ஹீற்றர் ஓடி ஓடித் தெருவையே சூடாக்கிக்கொண்டிருந்தது. அணு அங்கிள் படியில் நின்று கதவைப் பார்த்தார். "நானோ?" என்று கேட்டார். என் கணவருக்கு அதற்குப் பிறகு வருடக்கணக்கில் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது.

பெருந்தொற்று வந்தபோது அவரால் எங்கள் வீட்டுக்கு வர முடியவில்லை. ஆனால் முதல் ஞாயிறு என்றால் போன் அடிக்கும். "இப்ப அமத்துங்கோ," என்பார். இவர் தும்புத்தடிக் காம்பால் அலாமின் பொத்தானை அமத்துவார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டுவிட்டு, "நல்லது," என்று வைத்துவிடுவார். அந்த 'நல்லது'க்காக நான் ஞாயிறு வரப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போதும் முதல் ஞாயிறு விடிந்தால் என் கை தானாகப் புட்டுப்பானையை விட்டு விலகி நிற்கும். கீச்சுச் சத்தம் வருவதில்லை.

போன இலையுதிர்காலத்தில் போனார். இறுதிப் பூசையில் மகள் எழும்பி நின்று அவருடைய வாழ்க்கையைச் சொன்னாள். பிறந்த ஊர், படித்த படிப்பு, ஆற்றங்கரை உலை, ஏரிக்கரை உலை, எழுதிய ஆய்வுகள். ஒரு பிழை இல்லை. ஒருதரமும் குரல் தழதழக்கவில்லை. பிறகு கோயில் மண்டபத்தில் சாப்பாடு. கோப்பிக் கோப்பையோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"சரியாச் சொன்னனோ?"

"வேலைக்கு விண்ணப்பம் போட்ட மாதிரி இருந்தது, பிள்ளை," என்றேன். இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

அவள் கோபிக்கவில்லை. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களோட எல்லாம் கதைக்கிறவர்தானே," என்றாள். "அந்த வசந்தத்தைப் பற்றி எப்பவாவது சொன்னவரோ? நாங்கள் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரோ?"

என் மாதாவே, கேட்டுவிட்டாள். ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். கவிழ்த்து வைத்த கேத்திலைச் சொன்னேன். தாய் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை என்பதைச் சொன்னேன். போன் அலறின ஞாயிறைச் சொன்னேன்.

"ஆனால் அது பிழையான செய்திதானே. அவருக்கு அது தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

"தெரியாது எண்டுதான் சொன்னவர். அந்த நேரம் ஒருத்தருக்கும் தெரியாது. காத்து நாங்கள் போற பக்கம்தான் அடிச்சது. போற வழியில அந்த நிலையம். அது தெரிஞ்சுகொண்டுதான் வந்தவர். ஏறுங்கோ எண்டன், ஏறினவர்."

அவள் யோசித்தாள். தகப்பனை அறிந்த பிள்ளை. "கதவைப் பூட்டி ஆட்டிப் பார்த்திருப்பாரே," என்றாள்.

"இல்லைப் பிள்ளை. பூட்டேல்லை. சாத்தக்கூட இல்லை. நாங்கள் திரும்பி வரேக்கை அகலத் திறந்து கிடந்தது, ஹோலெல்லாம் ஸ்னோ."

"திறந்தபடியோ?"

"திறந்தபடிதான். வேணுமெண்டால் இவரைக் கேள்."

இவர் தலையாட்டினார். கோப்பை அவள் கையிலிருந்து சரிந்து மேசைவிரிப்பில் கோப்பி ஓடியது. ஒருவரும் துடைக்கவில்லை. அவள் என் தோளில் முகத்தை வைத்து, அத்தனை சனத்துக்கு முன்னால், குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அப்ப வந்திருப்பார்," என்றாள்.

அணு அங்கிள் இருந்திருந்தால் 'தெரியாது' என்று திருத்தியிருப்பார். நான் விஞ்ஞானியில்லை.

"ஓம் பிள்ளை," என்றேன். "வந்திருப்பார்."